ரெண்டாள் அங்கிளும் காணாமல் போன சக்கரமும்

கோலாலம்பூரில் ஒரு பொருளை இடம் மாற்றுவதற்கு முன் ரெண்டாள் அங்கிள் செய்கிற ஆர்ப்பாட்டத்தை, தைப்பூசத்துக்கு வெள்ளித் தேர் புறப்படும்போதுகூட நான் பார்த்ததில்லை. தேராவது வருஷத்துக்கு ஒரு தடவைதான் புறப்படும். இவருடைய ஊர்வலம் வாரா வாரம். சாலாக் செலாத்தானில் எங்கள் அடுக்குமாடியின் தரைத்தள வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டு, நடைபாதையில் நகர்ந்து, கார் நிறுத்துமிடத்தைக் கடந்து, பின்பக்கத்து மாமரத்தடியில் போய் நிற்கும். உள்ளே எழுந்தருளியிருக்கும் மூர்த்தி ஒரு மைட்டர் சா.

மைட்டர் சா என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஓர் இரும்புப் பீடம், அதன் மேல் ஏற்றி இறக்குகிற ஒரு கை, அந்தக் கையில் வட்டமான பல் பிளேடு. கரண்டில் ஓடும். மரத்தை நேராகவும் அறுக்கும், வேண்டிய கோணத்தில் சாய்வாகவும் அறுக்கும். படத்துக்கு ஃபிரேம் போடும்போது நாலு மூலையும் இடைவெளி தெரியாமல் சேர வேண்டுமானால் இது இல்லாமல் கஷ்டம். அங்கிள் பிரிக்பீல்ட்ஸில் சாமி படங்களுக்கு ஃபிரேம் போடுகிற கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு அக்கம்பக்கத்தாரின் கல்யாணப் படம், பட்டமளிப்புப் படம், மாலை போட்ட படம் எல்லாவற்றுக்கும் சும்மாவே ஃபிரேம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் வைத்து அறுத்ததில் மேல் மாடிக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அதனால்தான் மாமரத்தடி.

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் ரெண்டாள் அங்கிள்தான். மெஷினை நகர்த்த வேண்டியிருந்தால் கதவைத் தட்டி அவர் சொல்லும் ஒரே வசனம், "ரெண்டு பேர் வேணும் லா." 'லா' எங்கள் ஊர்ப் பேச்சுக்கு முளைத்த வால். மொத்தம் இரண்டு பேர், அதில் ஒருவர் அவர். ஆக, இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவராக நான் அகப்பட்டுக்கொண்டது, அந்த அடுக்குமாடிக்கு நான் குடிவந்த முதல் வாரத்தில்.

நானும் என் மனைவியும் பிரிந்த சமயம் அது. பங்சார் வீட்டை அவளிடம் விட்டுவிட்டு, இரண்டு பெட்டியோடும் ஒரு ரைஸ் குக்கரோடும் மூன்றாவது மாடியில் குடியேறியிருந்தேன். தொலைக்காட்சித் தொடர்களுக்கு வீட்டில் உட்கார்ந்தே சப்டைட்டில் போடுகிற வேலை. நாள் முழுக்க மற்றவர்கள் பேசுவதைத் தட்டச்சு செய்வேன். நானாக வாய் திறந்து பேசுவது சாப்பாடு கொண்டுவரும் பையனிடம் சொல்கிற 'தேங்க்யூ' மட்டும்தான். அப்படிப்பட்ட ஒரு ஞாயிறு காலையில் கதவு தட்டப்பட்டது. திறந்தால், மூக்குக் கண்ணாடிக்கு மேலே இன்னொரு பாதுகாப்புக் கண்ணாடி போட்ட ஒரு மனிதர், மந்தை தவறிய ஆட்டைத் தேடி வந்தவர்போல் என்னைப் பார்த்தார்.

"தம்பி, புதுசா? நல்லது. ரெண்டு பேர் வேணும் லா."

எதற்கு என்று கேட்பதற்குள் படியிறங்கிப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் பின்னாலேயே போனேன்.

அவர் வீட்டுக் கூடத்தில் மெஷின் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது. நான் கை வைக்கப் போனதும் தடுத்தார்.

"பிளக் பிடுங்கியாச்சா?"

பிளக் அவருடைய கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"உங்க கையிலதானே இருக்கு, அங்கிள்."

"எனக்குத் தெரியுது. வாயால சொல்லுங்க."

"பிடுங்கியாச்சு."

"மெஷின் தலையை இறக்கி லாக் பின் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"ஆட்டிப் பாத்தீங்களா?"

ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. பீடத்தின் திருகு இறுகியிருக்கிறதா, வயரைச் சுருட்டிக் கட்டியாகிவிட்டதா, காலில் என்ன போட்டிருக்கிறேன் என்று அடுத்தடுத்துக் கேள்விகள். காலில் ரப்பர் ஜப்பான் செருப்பு. திரும்ப மூன்று மாடி ஏறி ஷூ போட்டுக்கொண்டு வந்தேன். வந்ததும், பார்ப்பதற்கு வசதியாக இருந்த கைப்பிடியைப் பற்றினேன். மனிதர் அலறிவிட்டார்.

"ஐயோ, அது அறுக்கிற பிடி லா! தூக்குற பிடி இல்ல! விரல் சுவிட்ச்சுல போகும்!"

பயந்து கையை எடுத்து, பிளேடை மூடியிருந்த கவசத்தைப் பிடித்தேன். அதற்கும் ஓர் அலறல். கடைசியில் அடிப் பீடத்தைப் பிடிக்க வேண்டும் என்று புரிந்தது. குனிந்தேன்.

"இடுப்பை வளைக்காதீங்க. முட்டியை மடக்குங்க. பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டிருக்கீங்கல்ல? அந்த மாதிரி. முதுகு நேரா இருக்கட்டும். மெஷின் உடம்போட ஒட்டி வரணும்."

கதவு திறந்திருந்தது. இரண்டு ஆண்கள் எதிரெதிரே பாதித் தோப்புக்கரணத்தில் உறைந்து நிற்பதை, பாசாரிலிருந்து கீரைக்கட்டோடு வந்துகொண்டிருந்த இரண்டாம் மாடி சரோ ஆன்டி நின்று பார்த்தார்.

"என்ன வேண்டுதல்?" என்று என்னைக் கேட்டார்.

தூக்கிய பிறகுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த மெஷின் அப்படியொன்றும் கனமில்லை. அரிசி மூட்டை தூக்கிப் பழகிய யாரும் தனியாகவே தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

"அங்கிள், இதை ஒருத்தரே தூக்கலாமே?"

"தூக்கலாம்," என்றார், பின்பக்கமாக நடந்துகொண்டே. "ஆனா வழியை யாரு பாக்குறது? கதவை யாரு திறக்கிறது? கால்ல கல்லு இடறுச்சுன்னா, 'கல்லு'ன்னு யாரு சொல்றது?"

"கல்லு," என்றேன். நிஜமாகவே ஒரு கல் இருந்தது. அவர் சுற்றிக்கொண்டு நடந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

மாமரத்தடியில் மேஜை மேல் மெஷினை வைத்ததும் நான் கிளம்பப் பார்த்தேன். விடவில்லை. தூக்கி வைத்த உடனே நடக்கக் கூடாதாம். மூச்சு வாங்க வேண்டுமாம். மூச்சு வாங்குவதற்கென்றே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஃபிளாஸ்க் நிறைய டீ, ஒரு டப்பா பிஸ்கட் தயாராக இருந்தன. நகர்த்துவதற்கு ஐந்து நிமிஷம், மூச்சு வாங்குவதற்கு ஒரு மணி நேரம். இந்த மூச்சு வாங்கலையும் அவர் பாதுகாப்பு விதிகளில்தான் சேர்த்திருந்தார்.

அறுப்பதற்கும் விதிகள் உண்டு. கையுறை கூடாது, பிளேடு கவ்வி இழுத்துவிடும். தொளதொளச் சட்டை கூடாது. எதிர் வரிசை டீக்கடை பாய் ஒருமுறை ஆசையாக உதவிக்கு வந்தார். அவர் கைலியைப் பார்த்துவிட்டு, "பாய், போய் சிலுவார் போட்டுட்டு வாங்க" என்று அங்கிள் கால்சட்டை மாட்டிவரத் திருப்பி அனுப்பினார். பாய் போனவர் போனவர்தான். என் மணிக்கட்டில் கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலை எடுத்து வந்தார்.

"சாமி கயிறு, அங்கிள்!"

"சாமி மன்னிக்கும் தம்பி. பிளேடு மன்னிக்காது."

கயிற்றை நறுக்கிக் கண்ணில் ஒற்றி, மாமரக் கிளையில் கட்டினார். மேஜையில் பிளேடுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளிச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். கை அந்தக் கோட்டுக்கு உள்ளே வந்தால் மெஷின் ஓடாது. மரத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்குவார். ஒரு கைக்கு மேல் இன்னொரு கை குறுக்கே போகக் கூடாது. சுவிட்சை அழுத்திப் பிளேடு முழு வேகம் பிடித்த பிறகுதான் மெஷினின் கையை இறக்குவார். அறுத்து முடித்ததும் சுவிட்சை விட்டுவிட்டு, அதை மேலே தூக்காமல், அப்படியே நிற்பார்.

"நிக்கட்டும்... நிக்கட்டும்... இன்னும் சுத்துது... நிக்கட்டும்..."

பிளேடு முழுசாக நிற்கிறவரை யாரும் பேசக் கூடாது, நகரக் கூடாது, தும்மக் கூடாது. ஒருமுறை அந்தச் சமயம் பார்த்து என் வக்கீல் போன் செய்தார். விவாகரத்து விஷயம். எடுக்க விடவில்லை. போன் அடித்து ஓய்ந்தது, பிளேடும் ஓய்ந்தது. "இப்ப பேசுங்க," என்றார். திரும்பக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. டீ குடித்தேன்.

வெளியூர்ப் பயணம் தனிக் கதை. கிள்ளானில் அவருடைய பழைய சினேகிதர் வீட்டுப் பூஜை அறைக்குப் பெரிய ஃபிரேம் ஒன்று வேண்டியிருந்தது. சுவரை அளந்து அங்கேயே அறுத்தால்தான் சரியாக வரும் என்று சொல்லி மெஷினையும் என்னையும் அவருடைய பழைய கஞ்சில் காரில் ஏற்றினார். முன் சீட்டில் மெஷின். கீழே மெத்தை, சுற்றிலும் துண்டு, மேலே சீட் பெல்ட். பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். நான் பின் சீட்டில், மரச்சட்டங்களுக்கு நடுவில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தேன். வழியில் போலீஸ் சோதனை. இளம் போலீஸ்காரர் குனிந்து முன் சீட்டைப் பார்த்தார். பெல்ட் போட்டு அடக்கமாக உட்கார்ந்திருந்த மெஷினை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். எங்கள் மூவரில் பெல்ட் போடாதவன் நான் ஒருவன்தான். எனக்குத்தான் திட்டு விழுந்தது.

"மெஷினைப் பாத்துக் கத்துக்கணும்," என்றார் அங்கிள், கார் நகர்ந்ததும்.

அன்று திரும்பி வருகிற வழியில் கேட்டேன்: நான் வருவதற்கு முன்னால் இன்னொரு பக்கத்தை யார் பிடித்தார்கள்?

"அவதான், என் வீட்டுக்காரி. இருந்த வரைக்கும்," என்றார். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "இடது பக்கம் அவ. கல்லுன்னு சொல்ல மாட்டா. 'ம்ம்'னு ஒரு சத்தம். எனக்குப் புரிஞ்சிரும்."

என்னை எப்போதும் இடது பக்கத்திலேயே நிறுத்துவார். ஏன் என்று அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அவர் யாரையும் கூப்பிட மாட்டார். ஆயுத பூஜை. அதற்கும் ஒரு காரணம் உண்டு. நான் வந்த முதல் வருஷம், சரோ ஆன்டி பக்தி மிகுதியில் மெஷினின் பிளேடைச் சுற்றி நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரம் ஒன்றைச் சாத்திவிட்டார். மறுநாள் பிளக் போடாமல் பிளேடைக் கையால் சுற்றிச் சோதித்தபோது நார் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. புருவம் திருத்துகிற சாமணத்தைச் சரோ ஆன்டியிடமே இரவல் வாங்கி, ஒவ்வொரு இழையாக எடுத்து முடிப்பதற்குள் பாதி நாள் போய்விட்டது. அந்த மாதம் அறுத்த ஃபிரேம்கள் எல்லாம் மணத்தன என்று சரோ ஆன்டி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதிலிருந்து ஆயுத பூஜைக்கு அங்கிள் வீட்டுக் கதவு சாத்தியே இருக்கும். "இன்னிக்கு மெஷினுக்கு லீவு. யாரும் வர வேணாம் லா," என்பார். வேலை இல்லாத நாளில் ஒரு மனிதரை வீட்டுக்குக் கூப்பிடலாம் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே வந்து விழுந்தது ஒரு பெட்டி. அங்கிளின் ஒரே மகள் மாலினி ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். அப்பாவுக்கு இடுப்பு வலி என்று கேள்விப்பட்டு, மெஷினைப் பூட்டித் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி சக்கரம் வைத்த ஸ்டாண்டு ஒன்றை ஆர்டர் செய்து அனுப்பிவிட்டாள். அதைப் பொருத்திக் கொடுக்கச் சொல்லி எனக்குப் போன்.

"அண்ணே, அப்பாகிட்ட சொல்லுங்க. இனிமே யாரையும் தொந்தரவு பண்ண வேணாம். ஒரே ஆளு போதும். அவ்வளவு ஈசி."

நல்ல பிள்ளை. வேறென்ன சொல்ல? பெட்டியின் மேல் ஒரு படம் போட்டிருந்தது. ஒரு வெள்ளைக்காரர் ஒற்றைக் கையால் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டே சிரிக்கிறார். பின்னால் பெரிய புல்வெளி, வேறு ஆளே இல்லை. அங்கிள் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவனுக்கு ஃபிரண்டு யாரும் இல்லையா?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு யாரும் கதவைத் தட்டவில்லை. அப்பாடா, விட்டது சனி என்று பகல்வரை தூங்கத் திட்டம் போட்டேன். ஆனால் வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. ஷூவைக்கூடப் போட்டுவிட்டேன், எதற்கு என்று தெரியாமல். ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். அங்கிள் தனியாக ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு கார்களுக்கு நடுவே வந்தார். மாமரத்தடியில் நிறுத்தினார். காலைக் காற்றில் அவருடைய குரல் மூன்றாவது மாடிவரை வந்தது.

"வயரைச் சுருட்டிக் கட்டியிருந்தீங்களா?"

"கட்டியிருந்தேன்."

"லாக் பின் போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன்."

இரண்டு குரலும் அவருடையதே. கேட்கும்போது கொஞ்சம் மிரட்டலாகவும், பதில் சொல்லும்போது கொஞ்சம் பணிவாகவும் சொன்னார். ஸ்டாண்டை நிறுத்தியதும் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பக்கத்து நாற்காலியைத் துணியால் துடைத்தார். அதில் யாரும் உட்காரப் போவதில்லை, ஆனாலும் துடைத்தார்.

கீழே போனேன்.

"உதவி ஏதாச்சும் வேணுமா, அங்கிள்?"

"வேணாம் தம்பி. இப்ப ஒரே ஆளு போதும். பிள்ளை ஆசையா வாங்கி அனுப்பியிருக்கு. நீங்க தூங்குங்க."

விதி என்று வந்துவிட்டால் மனிதர் அசைய மாட்டார். ஒரே ஆள் போதும் என்கிற இடத்தில் இரண்டாவது ஆளைக் கூப்பிடுவது அவருக்குப் பொய் சொல்வது மாதிரி. நானும் விருந்தாளியாகப் போய் உட்காரலாம்தான். ஆனால் மெஷினைத் தூக்காமல் அவர் முன்னால் உட்கார எனக்கும் கூச்சமாக இருந்தது. எங்கள் இருவருக்கும் சினேகிதம் என்று ஒன்று இருந்தால், அது அந்த மெஷினின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அது போய்விட்டது. அந்த வாரங்களில் எனக்கு வந்த போன்களில் பாதி, கடன் வாங்கிக்கொள்ளச் சொல்லி வங்கியிலிருந்து வந்தவை. அவர்களிடம்கூடக் கொஞ்சம் கூடுதலாகப் பேசினேன். தனியாக இருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் ஒரு ஞாயிறு, ஷூ போடாமல் பிடிவாதமாகப் படுத்திருந்தபோது கதவு தட்டப்பட்டது.

"தம்பி, ரெண்டு பேர் வேணும் லா."

அவ்வளவு வேகமாக நான் எந்தக் கதவையும் திறந்ததில்லை.

"ஸ்டாண்டு என்ன ஆச்சு, அங்கிள்?"

"சக்கரம் ஒண்ணு காணோம்," என்றார், என் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு. "ராத்திரி வெளிய வச்சிருந்தேன். காலையில பாத்தா இல்ல."

ஒற்றைச் சக்கரத்தோடு ஸ்டாண்டு நடைபாதையில் நொண்டியாகச் சாய்ந்து கிடந்தது. நாங்கள் இருவரும் வாய்க்காலில் தேடினோம், புதரில் தேடினோம், குப்பைத் தொட்டிக்குப் பின்னால் தேடினோம். அங்கிள் என்னைவிட மும்முரமாகத் தேடினார். சரியாக அந்த நேரத்தில், ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு பழைய பேப்பர் லோரி வந்தது. "அவனுங்கதான் இரும்புன்னு எடுத்துட்டுப் போயிருப்பானுங்க," என்று அங்கிள் பொதுவாகக் காற்றில் சொன்னார். எனக்கு வீரம் பொத்துக்கொண்டு வந்தது. லோரிக்குப் பின்னால் ஓடினேன். இரண்டு தெரு தாண்டித்தான் நிறுத்தினார்கள். லோரிக்காரச் சீனக் கிழவர் என் மலாய் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டு, பின்கதவைத் திறந்து, மலைபோல் குவிந்திருந்த பேப்பருக்குள் ஏறித் தேடச் சொன்னார். தேடினேன். கடைசியில் அவர் என்மேல் இரக்கப்பட்டு, கைப்பிடி உடைந்த வாணலி ஒன்றைச் சும்மா கொடுத்து அனுப்பினார்.

வியர்த்து விறுவிறுத்து வாணலியோடு திரும்பிய என்னை அங்கிள் பார்த்த பார்வையில் ஒரு சங்கடம் இருந்தது. களைப்பில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"போனா போகுது, தம்பி. உக்காருங்க. மூச்சு வாங்குங்க," என்று இரண்டு டம்ளர் டீ ஊற்றினார். பழைய ஞாயிறு திரும்ப வந்துவிட்டது. மாலினி புதுச் சக்கரம் அனுப்புகிறேன் என்றபோது, அந்த அளவு கிடைக்காது என்று இவர் தட்டிக் கழித்துவிட்டார்.

பிறகு வந்தது ஆயுத பூஜை. வழக்கம்போலக் கதவு சாத்தியிருந்தது. சரோ ஆன்டி ஒரு பாத்திரம் சுண்டலை என்னிடம் கொடுத்து, "அந்த மனுசன்கிட்ட குடுத்துட்டு வாயேன். நான் போனா பூ வச்சிருவேன்னு பயப்படுறாரு," என்றார். நான் போய்க் கதவைத் தட்டினேன். வருவார் யாருமில்லை என்கிற நம்பிக்கையில் தாழ்ப்பாள் போடாமல் விட்டிருக்கிறார். கதவு தானாகத் திறந்துகொண்டது.

தரையில் வெள்ளைத் துணி விரித்து ஆயுதங்களை எல்லாம் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார். நடுவில் மெஷின், தலை இறக்கி லாக் பின் போட்டு. பக்கத்தில் டிரில், சுத்தியல், கிளாம்ப், அளவு நாடா, இரண்டு பாதுகாப்புக் கண்ணாடி. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். கத்தரிக்கோலுக்குக்கூட. வரிசையின் கடைசியில், ஒரு வெற்றிலையின் மேல், சின்ன தோசை அளவில் கறுப்பாக உட்கார்ந்திருந்தது ஸ்டாண்டின் சக்கரம். அதற்கும் சந்தனம், அதற்கும் குங்குமம். மற்றவற்றைவிடப் பொட்டு கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

அங்கிள் சூடத்தட்டோடு சமையலறையிலிருந்து வந்தார். என்னைப் பார்த்தார். நான் எதைப் பார்க்கிறேன் என்பதையும் பார்த்தார்.

அவரைக் கிண்டல் செய்ய எனக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. லோரிக்குப் பின்னால் ஓடியவன் நான். பேப்பர் மலையில் ஏறியவன் நான். ஆனால் சுண்டல் பாத்திரத்தை வாசலோரம் இறக்கி வைத்தேன்.

"இது ஒண்ணுதான் லா, தம்பி, இந்த வயசுல நான் செஞ்ச திருட்டு," என்றார். "நானேதான் கழட்டினேன். மத்த நாள்ல ஒளிச்சு வச்சிரலாம். இன்னிக்கு முடியல. அதுவும் ஆயுதம்தானே. எல்லாத்துக்கும் பொட்டு வச்சிட்டு அதை மட்டும் எப்படி இருட்டுல விடறது?"

"சரி, அங்கிள்."

"அந்த ஸ்டாண்டு நல்ல ஸ்டாண்டு. அதுல ஒரு குத்தமும் இல்ல." சூடத்தட்டைத் தரையில் வைத்தார். "ஆனா அதோட பேச முடியல."

அப்போது போன் அடித்தது. மாலினி, வீடியோவில். பூஜை பார்க்க வேண்டுமாம். அங்கிள் முகத்தில் ரத்தமே இல்லை. போனை எடுக்காமல் இருக்கவும் அவருக்குத் தெரியாது, எடுத்துவிட்டுப் பொய் சொல்லவும் தெரியாது. நான் பாய்ந்து சக்கரத்தை எடுத்து என் வெள்ளைச் சட்டைக்குள் செருகி வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். இயற்கையாகவே எனக்குத் தொப்பை உண்டு. யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று ஒரு நம்பிக்கை.

மாலினி ஒவ்வொரு ஆயுதமாகப் பார்த்தாள். சூடம் காட்டும்போது அங்கிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் அங்கிள் போனை என் பக்கம் திருப்பினார்.

"அண்ணே! நீங்களும் இருக்கீங்களா? ஏன் வயித்தைப் பிடிச்சிட்டு நிக்கறீங்க?"

"சுண்டல்மா," என்றேன். சுண்டல் பாத்திரம் திறக்கப்படாமல் வாசலோரமே இருந்தது.

"அந்தச் சக்கரம் கிடைச்சுதா?"

"இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கோம்."

அவள் கண் என் சட்டையில் நின்றது. குனிந்து பார்த்தேன். வயிற்றுக்கு நேராக, வெள்ளைச் சட்டையில், குங்குமம் பெரிய பொட்டாக ஊறிக்கொண்டிருந்தது. அங்கிள் போனைப் பிடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிளேடு நிற்பதற்குக் காத்திருப்பதுபோல அசையாமல் நின்றேன்.

"புதுசு வாங்கி அனுப்புறது எனக்குப் பெரிய விசயம் இல்ல, அண்ணே," என்றாள் மெதுவாக. குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "ஆனா... ரொம்பத் தேடாதீங்க. சரியா? அப்பா, அண்ணனுக்கு டீ ஊத்திக் குடுங்க."

அன்று எதையும் தூக்கவில்லை, எதையும் அறுக்கவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் உட்கார்ந்து டீ குடித்தோம், சுண்டல் சாப்பிட்டோம். கிளம்பும்போது அங்கிள் சக்கரத்தைப் பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தார். "நீங்களே வச்சுக்குங்க தம்பி. என் வீட்டுல இருந்தா மனசு கேக்காது. ஒருநாள் எடுத்து மாட்டிருவேன்."

சட்டையில் கறை போகவில்லை. சக்கரம் என் சமையலறையில், அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. ஞாயிறு காலை பழைய பேப்பர் லோரி கூவிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வரும்போதெல்லாம், எழுந்து போய் அது பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஷூ போட்டுக்கொண்டு காத்திருக்கிறேன்.